எல்லையோரத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர்: கூடுதல் பணம் பிடுங்கப்படாமல் இருக்க

கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்து வாளையாரில் வீடு பார்த்தவர்கள் உண்டு. வாடகை கட்டுப்படியாகிறது என்று கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் வந்தவர்கள் உண்டு. கல்யாணம் ஆகி மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வந்த பெண்கள் உண்டு. இங்கே கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் பேசியே காலம் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு நாள் காலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோய், உள்ளே பால் திரிந்து கிடக்கும்போதுதான் ஊர் புதிது என்பது உறைக்கும். பழைய ஊர் மெக்கானிக் இவ்வளவு தூரம் வரமாட்டார். பக்கத்தில் யார் நல்லவர் என்று தெரியாது. போனை எடுத்துத் தேடுவோம், முதலில் வருகிற நம்பரைக் கூப்பிடுவோம்.

நானும் வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். ஃபிரிட்ஜின் பின்னால் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று சத்தம் வரும், மோட்டார் ஓடாது. வந்தவர் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "கேஸ் சுத்தமா போயிருச்சுங்க அக்கா, கம்ப்ரசரும் வீக்கா இருக்குது" என்றார். குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற அவசரத்தில் நான் உள்ளே போய்வந்த அரைமணிக்குள் வேலை முடிந்தது. 4,800 ரூபாய், ரொக்கம், ரசீது கிடையாது. பதினோராம் நாள் மறுபடியும் அதே 'டிக், டிக்'. போன் செய்தால் சுவிட்ச் ஆஃப்.

வீட்டுக்கார சேச்சி சொல்லி வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். கேஸ் ஏற்றவேண்டும் என்றால் கம்ப்ரசரிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜிங் குழாயை வெட்டித்தான் ஆகவேண்டும். ஏற்றி முடித்தபின் அந்த இடத்தில் புது பற்றவைப்பு தெரியும், இல்லையென்றால் கேஸ் ஏற்றுவதற்கான ஒரு சின்ன வால்வு இருக்கும். என் ஃபிரிட்ஜில் கம்பெனி அடைத்துவிட்ட முனை அப்படியே இருந்தது. கேஸே ஏற்றவில்லை. கெட்டுப்போயிருந்தது ரிலே, அதாவது கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்னப் பாகம். முதலில் வந்தவர் அதைக் கழற்றி மாட்டியதில் சில நாள் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ரிலேயும், மோட்டார் சூடானால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோடும் மாற்றி, கூலியோடு 450 ரூபாய் வாங்கிக்கொண்டு பெரியவர் போய்விட்டார்.

அந்த 4,800 ரூபாய் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கையில் பில் இல்லை, கடை எங்கே என்று தெரியாது, பணம் போனதற்கு அத்தாட்சி இல்லை. சட்டம் என் பக்கம் இருந்தும் அதைப் பிடித்து நிறுத்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போனது. அதனால் இந்தக் கட்டுரையில் புகார் செய்வதைவிட, ஸ்க்ரூ டிரைவர் மெஷினைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில்: அதிக விலையும் ஏமாற்றும் ஒன்றல்ல

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் வீணாக அலைய நேரும். மெக்கானிக்கின் கூலிக்கு அரசு நிர்ணயித்த விலை என்று எதுவும் இல்லை. ஒருவர் 300 ரூபாய் கேட்கிற வேலைக்கு இன்னொருவர் 700 கேட்கலாம். நீங்கள் சரி என்று சொல்லிச் செய்யவைத்துவிட்டு, பிறகு அடுத்த தெருவில் குறைவு என்று தெரிந்தால் அதை வைத்து மட்டும் புகார் நிற்பது கடினம்.

நிற்கக்கூடிய விஷயங்கள் வேறு. மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியது. பேசிய தொகையைத் தாண்டி, உங்களிடம் கேட்காமலே வேலை செய்துவிட்டுப் பணம் கேட்பது. பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஸ்பேருக்கு விலை போட்டது. வாரண்டி இருக்கும்போதே காசு வாங்கியது. சரிசெய்ததாகச் சொன்ன அதே கோளாறு சில நாளில் திரும்பி வந்தும் கண்டுகொள்ளாதது. பில் தர மறுத்தது. கடைசியாகச் சொன்னதைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் பில்லோ ரசீதோ தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே பட்டியலிட்டிருக்கிறது. பில் கேட்க நீங்கள் கூச்சப்படவேண்டியதில்லை.

கூப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம்

நம் பகுதிக்கென்று சில தொல்லைகள் உண்டு. மழை குறைந்த பூமி இது, பல வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்பு படிந்து வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயில் இருக்கும் சின்ன வலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறவில்லை என்று மெஷின் நிற்கும், வருகிறவர் வால்வு போச்சு என்பார். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோஸைக் கழற்றி அந்த வலையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். முன்பக்கம் துணி போடுகிற மெஷின் தண்ணீரை வெளியேற்றவில்லை என்றால் கீழ் மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, அங்கிருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். சில்லறைக் காசும் ஹேர்பின்னும் அங்கேதான் போய் உட்காரும். மிக்ஸி நின்றுவிட்டால் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்கள். அதிகப் பளு வந்தால் அது தானாக விழும்.

ஏசி குளிரவில்லை என்றால் முதலில் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். எந்த மெஷின் ஓடாவிட்டாலும் அதே பிளக் பாயிண்டில் வேறொன்றை மாட்டிப் பாருங்கள். கரண்ட் குறைவாக வருகிறதா என்ற சந்தேகம் இருந்தால், அது கேரளப் பக்க வீடானால் மின்வாரியத்தின் 1912 எண்ணில் சொல்லலாம். மெஷினுக்குள் கைவிடுகிற வேலை எதுவும் நீங்கள் செய்யவேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் மைக்ரோவேவ், ஏசி போன்றவற்றின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்று இடி. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியில் பெய்யும் துலாமழைக் காலத்திலும் மதியத்துக்கு மேல் இங்கே இடி பலமாக இருக்கும். இப்போது வருகிற மெஷின்கள் பலவற்றில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, அதுதான் முதலில் அடிவாங்கும். வானம் இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அப்புறம் வாரண்டி கார்டு. மெஷினுக்கு ஒரு வருட வாரண்டி முடிந்திருந்தாலும் ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் தனியாக நீண்ட வாரண்டி இருக்கலாம். பல மாடல்களுக்கு அது பத்து வருடம். கம்ப்ரசர் இலவசம் என்றாலும் கேஸுக்கும் கூலிக்கும் பணம் கேட்பார்கள், அது நியாயமான கணக்காக இருக்கலாம். ஆனால் கம்ப்ரசருக்கே பணம் கேட்டால் நிறுத்திக் கேளுங்கள். பொள்ளாச்சியில் வாங்கிய பொருளைக் கேரளாவுக்குக் கொண்டுவந்தால் வாரண்டி போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பெரிய கம்பெனிகளின் வாரண்டி பொதுவாக இந்தியா முழுவதும் செல்லும். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, இப்போது குடியிருக்கிற வீட்டின் பின்கோடைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பழக்கத்தில் 642-இல் தொடங்கும் பொள்ளாச்சி எண்ணைச் சொல்லிவிட்டால் புகார் அங்கே பதிவாகி, "எல்லை தாண்டி வரமாட்டோம், வந்தால் தனியாகக் காசு" என்று இழுப்பார்கள். நம் பக்கம் 678.

யாரைக் கூப்பிடுவது

போனில் தேடும்போது மேலே வருகிற நம்பரை நம்பாதீர்கள். பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு, கஸ்டமர் கேர் என்று எழுதி, சம்பந்தமே இல்லாத ஆட்கள் நம்பர் போட்டுவைத்திருக்கிறார்கள். சரியான நம்பர் வாரண்டி கார்டிலும், மெஷினின் பின்னாலோ கதவின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், கம்பெனியின் சொந்த இணையதளத்திலும் இருக்கும். புகார் பதிவு செய்ய ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ, பத்து ரூபாய் அனுப்பினால்தான் பதிவாகும் என்று ஒரு லிங்க் அனுப்பினாலோ உடனே வைத்துவிடுங்கள். அந்த வழியில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடவேண்டும். அது சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண்.

வாரண்டி முடிந்த மெஷினுக்கு உள்ளூர் மெக்கானிக்தான் நல்லது என்பது என் கருத்து. நாளைக்கும் அதே முக்கில் டீ குடிக்க வருகிறவர் உங்களை ஏமாற்ற யோசிப்பார். வீட்டுக்காரர், பக்கத்து மளிகைக்கடை, குழந்தையின் பள்ளி வேன் ஓட்டுநர் என்று மூன்று பேரிடம் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அவரைக் கூப்பிடுங்கள். கடை என்று ஓரிடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, எங்கே இருந்தாலும் சரி, கதவில் போய் நிற்க ஒரு விலாசம் வேண்டும்.

போனிலேயே பேசவேண்டியது

"வந்து பாத்துட்டுச் சொல்றேங்க" என்பார்கள். சரி, பழுது என்ன என்று பார்க்காமல் சொல்லமுடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பார்க்காமலே பதில் சொல்லமுடியும். வந்து பார்ப்பதற்கு எவ்வளவு? வேலையைக் கொடுத்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழிப்பீர்களா, தனியா? பில் தருவீர்களா? பதில் கிடைத்ததும் அதையே வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"அண்ணா, இப்போது போனில் பேசியபடி: பார்க்க வருவதற்கு 250 ரூபாய், வேலை செய்தால் அது கூலியில் கழியும். என்ன கோளாறு, எந்த ஸ்பேர், மொத்தம் எவ்வளவு என்று சொல்லி, நான் சரி என்று பதில் போட்டபிறகுதான் வேலை தொடங்கவேண்டும். மாற்றிய பழைய பாகத்தை எங்களிடம் கொடுத்துவிடவேண்டும். பில் வேண்டும்."

நல்ல மெக்கானிக் யாரும் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டதில்லை. ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. வராமல் போனது எனக்கு நல்லதுதான்.

அவர் வந்தபிறகு

பக்கத்திலேயே நில்லுங்கள். டீ போடவேண்டுமென்றால் வேறு யாரையாவது நிறுத்திவிட்டுப் போங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "என்னங்க அண்ணா பாக்கறீங்க, எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டால் பலர் ஆசையாகவே விளக்குவார்கள்.

அதிகமாகப் பணம் போவது மூன்று சொற்களில்தான்: கேஸ், போர்டு, கம்ப்ரசர்.

கேஸ் என்பது ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வண்டிக்கு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. "எங்கே லீக்?" என்பதுதான் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அந்தப் பணம் சில வாரத்தில் காற்றோடு போய்விடும். "வருசா வருசம் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஃபிரிட்ஜின் பின்னாலோ உள்ளேயோ இருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். இப்போது வருகிற வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ. அது நூறு கிராம்கூட இருக்காது. அரைக் கிலோ ஏற்றினேன் என்று கணக்குச் சொன்னால் ஸ்டிக்கரைக் காட்டுங்கள். அந்த கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, ஆகையால் அந்த வேலை நடக்கும்போது அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். இரண்டாவது, கேஸ் ஏற்றும் முன் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கவேண்டும். அதற்கே அரைமணி நேரம் ஆகும். பம்ப்பே கொண்டுவராமல் பத்து நிமிடத்தில் கேஸ் ஏற்றிவிட்டேன் என்றால் வேலை சரியில்லை. இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் 4,800 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

போர்டு போய்விட்டது என்றால் எது கருகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோளாறும் உண்டுதான், ஆனால் அளந்து பார்த்துத்தான் அதைச் சொல்லமுடியும். மீட்டர் வைக்காமல் வெறும் பார்வையில் "போர்டு மாத்தணும்" என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள். சில போர்டுகளில் ஒரு ரிலேயோ ஒரு கெப்பாசிட்டரோ மாற்றினால் போதும். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் போர்டை மட்டும் ரிப்பேர் செய்கிறவர்களிடம் கொடுத்து வாங்கலாம். புது போர்டுதான் வேண்டும் என்றால் மாடல் எண்ணைச் சொல்லிக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் விலை கேட்டுவிடுங்கள். அத்தியாவசியப் பாகங்கள், பழுதுபார்ப்பு விவரங்கள், கஸ்டமர் கேர் தொடர்புகளை ஓரிடத்தில் தருவதற்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கம்ப்ரசர் என்ற சொல்லைக் கேட்டால் உடனே 'சரி' சொல்லிவிடாதீர்கள். முதலில் ரிலேயும் ஓவர்லோடும் மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள், ஏசியானால் கெப்பாசிட்டர். இவை கம்ப்ரசர் விலையில் ஒரு சின்னப் பங்குதான். உண்மையிலேயே கம்ப்ரசர் போயிருந்தால் பழைய கம்ப்ரசருக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு, உள்ளே செம்பு இருக்கிறது. அவரே எடுத்துக்கொண்டு போவதானால் அந்தத் தொகையை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

மெஷினைக் கடைக்கு எடுத்துப்போகவேண்டும் என்றால் தூக்குவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ, சீரியல் நம்பர் போட்டோ, 'இன்ன மெஷின் இன்ன தேதியில் எடுத்துச் செல்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து. கடை எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இதை விடவே கூடாது.

பில்லில் என்ன பார்ப்பது

கடையின் பெயர், முழு விலாசம், தேதி, மெஷின் மாடல், என்ன கோளாறு, மாற்றிய பாகம், அதன் விலை, கூலி. பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கவேண்டும். 'சர்வீஸ் 3,500' என்று ஒற்றை வரியில் எழுதிய பில் பிறகு எதற்கும் உதவாது. மாற்றிய பாகத்துக்கும் செய்த வேலைக்கும் எத்தனை நாள் கேரண்டி என்பதையும் அதிலேயே எழுதவையுங்கள். வாயால் சொன்ன மூன்று மாதம் பில்லில் இல்லையென்றால் கணக்கில் வராது. ஸ்பேர் பாக்கெட்டில் வந்தால் எம்ஆர்பி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அதற்கு மேல் வாங்கினால் எடையளவுத் துறையில் புகார் தரலாம்.

ஜிஎஸ்டி விஷயத்தில் எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பழுதுபார்க்கும் சேவைக்கு 18 சதவீதம் வரி உண்டு. ஆனால் பதிவு செய்த கடைதான் அதை வாங்கலாம். பில்லில் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் இல்லாமல் '18 பர்சன்ட் டாக்ஸ்' என்று மட்டும் சேர்த்திருந்தால் அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. கொழிஞ்சாம்பாறை விலாசம் போட்ட பில்லில் 33 என்று தொடங்கினால் உண்மையான விலாசம் எது என்று கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பதிவில்லாத சின்ன மெக்கானிக்கைக் குறைவாக நினைக்கவேண்டாம். வருமானம் குறைவானவர் பதிவு செய்யாமல் தொழில் செய்யலாம். அவர் வரி என்று சொல்லிப் பணம் வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

பணத்தை யுபிஐயில் கொடுங்கள். 'குறிப்பு' என்ற இடத்தில் 'ஃபிரிட்ஜ் ரிலே கூலி' என்று எழுதுங்கள். பில் இல்லாமல் போனாலும் அது ஒரு சாட்சி.

தொகை தகராறு ஆனால்

பேசியது 1,200, இப்போது 3,900 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால் நிதானமாகப் பேசலாம். வாட்ஸப்பைக் காட்டி, பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு எழுத்தில் கணக்குக் கேளுங்கள். மெஷின் அவர் கடையில் இருந்தால் நிலைமை வேறு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, வேலை செய்த ஒருவர் தனக்கு உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம். நியாயமான கூலிக்குத்தான் அந்த உரிமை என்றாலும், கடை வாசலில் நின்று அதைத் தீர்ப்பது நடக்காத காரியம். வீட்டில் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்து ஃபிரிட்ஜ் அவசரம் என்றால் பணத்தைக் கொடுத்து மெஷினை எடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பில்லின் உங்கள் பிரதியில் 'இந்தத் தொகைக்கு நான் ஒப்பவில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி போட்டோ எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். பணம் கொடுத்ததாலேயே ஒப்புக்கொண்டீர்கள் என்று பிறகு அவர் சொல்லமுடியாது.

சத்தம் போடாதீர்கள். நாலு பேரைக் கூட்டாதீர்கள். 'தமிழ்க்காரன்', 'மலையாளத்தான்' என்று பேச்சு திரும்பினால் பில் விஷயம் அங்கேயே செத்துப்போகும். நான் இதைப் பலமுறை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். ஏமாற்றியவர் இரண்டு மொழியிலும் இருப்பார், எனக்கு 450 ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்த பெரியவரின் தாய்மொழி மலையாளம்.

அடுத்த சில நாட்களுக்குள் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அவருடைய லெட்டர்பேடிலோ பில்லிலோ எழுதி வாங்குங்கள்: 'கேஸ் குழாயில் புதிய பற்றவைப்பு இல்லை, மாற்றியதாகச் சொல்லும் போர்டில் பழைய தேதி உள்ளது' என்பது போல, கண்ணால் கண்டதை மட்டும். முதல் ஆளைத் திட்டி எழுதவேண்டாம்.

புகார்: படிப்படியாக

முதலில் கடைக்கோ கம்பெனிக்கோ ஒரு கடிதம். தேதி வாரியாக நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தொகையைச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்துவையுங்கள். பல விவகாரங்கள் இதிலேயே முடிந்துவிடும், எழுத்தில் வந்தாலே எதிராளிக்கு விஷயம் தீவிரம் என்று புரிந்துவிடுகிறது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பில், வாட்ஸப், கடிதம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது தீர்ப்புச் சொல்கிற இடம் இல்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கிற இடம். பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்றால் நன்றாக வேலை செய்யும். எங்கள் பக்கத்து வீட்டில் வாரண்டியில் இருந்த வாஷிங் மெஷின் மோட்டாருக்கு வாங்கிய 1,900 ரூபாய் இப்படித்தான் மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. அவர்கள் கையில் பில் இருந்தது. விலாசம் இல்லாத தனி மெக்கானிக்கை இந்த வழியில் பிடிப்பது கடினம்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் "கடை பொள்ளாச்சியில், நான் கேரளாவில், கோவைக்கு நடையாய் நடக்கணுமே" என்று நினைத்தே விட்டுவிடுகிறார்கள். நான் முன்பு சொன்ன 2019 சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, இதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலோ, வேலை பார்க்கிற மாவட்டத்திலோ மனு போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக் கடைமேல் பாலக்காட்டிலேயே போடலாம். கோபாலபுரத்தின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் குடியிருப்பவர் பாலக்காட்டுக் கடைமேல் கோவையிலேயே போடலாம். புதிதாகக் குடிவந்தவர்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஆதார் இன்னும் பழைய விலாசத்தில் இருந்தால் இங்கே குடியிருப்பதைக் காட்ட அது உதவும்.

கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஃபிரிட்ஜ் ரிப்பேர் அந்த எல்லைக்குள் எங்கேயோ அடியில் நிற்கும். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொளி வழியே விசாரிக்கும்படி விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், யுபிஐ ரசீது, வாட்ஸப் பக்கங்கள், இரண்டாவது மெக்கானிக்கின் குறிப்பு, அனுப்பிய கடிதம், அது போய்ச் சேர்ந்த ஆதாரம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு அடுக்குங்கள். பாலக்காட்டில் போடுவதானால் தமிழில் இருக்கிற பில்லுக்கும் வாட்ஸப்புக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துக் கொடுங்கள், வாசிப்பவருக்குச் சிரமம் குறையும். எதிராளியின் பெயரும் விலாசமும் சரியாக இல்லையென்றால் நோட்டீஸ் திரும்பி வந்துகொண்டே இருக்கும். பில்லில் முழு விலாசம் வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

என்ன கேட்பது என்பதில் பேராசை வேண்டாம். அதிகம் வாங்கிய தொகை, இரண்டாவது முறை சரிசெய்த செலவு, வழக்குச் செலவு, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. கெட்டுப்போன பாலுக்கும் மீனுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் கேட்டால் மனுவின் மரியாதைதான் குறையும்.

உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தால் அதன் சான்றிட்ட நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்ற மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பணம் கணக்கில் வந்து சேரும்வரை அந்தக் காகிதக் கட்டை பரணில் போட்டுவிடாதீர்கள். என் வீட்டில் இப்போது ரிப்பேர் பில்கள் எல்லாம் வாரண்டி கார்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் கவரில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.